பின்னறைக்குப் போகாத வயர்

வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கரண்ட் வயர் வழியாக அனுப்புவது அவ்வளவு நல்ல ஏற்பாடு இல்லை. அவசரத்துக்கு உதவும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ஒத்துவராது. வயர்மேன் ஜாஹிரிடம் இதைச் சொன்னபோது அவனும் ஒப்புக்கொண்டான்.

எங்களுடையது டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பழைய மாடி வீடு. இன்டர்நெட் பெட்டி கீழே ஹாலில். என் ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கர்களும் மாடியில், மகள் மோனிக்காவின் பழைய அறையில். சுவர்கள் தடிப்பு, வைஃபை எட்டாது. அதனால் கரண்ட் பிளக்கில் செருகும் அடாப்டர்கள் மூன்று வைத்திருந்தோம். ஒன்று ஹாலில், ஒன்று மாடியில், மூன்றாவது கீழே பின்னறையில். பின்னறையில் என் மனைவி தெரேசா படுத்திருந்தாள். கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மோனிக்கா அதன் வழியாகத்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள்.

தெரேசாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரண்டு வருடமாக ஆக்சிஜன் மிஷின்தான். குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவன் நான். வேலையை விட்ட பிறகு எனக்கென்று நான் வைத்துக்கொண்டது பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் சுத்தமான இசை. அதற்குள்ளும் எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அடாப்டர்களின் வேலை அது.

ஜாஹிர் ஒரே காலையில் ஹாலிலிருந்து மாடிக்கு நெட்வொர்க் வயரை இழுத்து, படிக்கட்டு ஓரமாக வெள்ளைப் பட்டைக்குள் மறைத்துவிட்டான். அடாப்டர்களைக் கழற்றியபின் பின்னறை வாசலில் நின்று கேட்டான்.

"அங்கிள், ஆன்ட்டி ரூம் கேமராவுக்கும் ஒரு வயர் இழுத்துறவா? பத்து மீட்டர்தான் லா. அடாப்டர் இல்லன்னா கேமரா ஓடாது."

"இன்னைக்கு வேணாம் தம்பி. அவ தூங்குறா. அடுத்த வாரம் பாப்போம்."

அவள் தூங்கவில்லை. ஆனால் சுவரைத் துளைக்கும் சத்தம் அவளுக்கு ஆகாது.

அன்று மூன்று மணிக்குப் பாட்டுப் போட்டேன். இரைச்சல் போயிருந்தது. வயலின் வாசிப்பவர் வில்லை வைக்கும் முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அதற்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. டிக். சில விநாடிகள் கழித்து மறுபடி டிக். இத்தனை நாள் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தது. கீழே போய் ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன். காற்றாடிகளை நிறுத்திப் பார்த்தேன். கடைசியில்தான் அது ஆக்சிஜன் மிஷின் என்று தெரிந்தது.

முதல் மூன்று நாள் பாட்டு நேரத்தில் தெரேசாவை அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டருக்கு மாற்றிவிட்டுத்தான் மிஷினை நிறுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்காம் நாள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. போன் செய்தால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். நான் செய்யவில்லை. பத்து நிமிடம் தாங்குவாளா என்று பார்த்தேன். தாங்கினாள். மறுநாள் பதினைந்து.

கரண்ட் நின்றால் கத்துவதற்கென்று மிஷினுக்குள் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. அதைக் கழற்றி டிராயரில் வைத்தேன். அவளுடைய கைபேசியை அந்த நேரத்தில்தான் சார்ஜ் போட ஹாலுக்கு எடுத்துப் போவேன்.

ஒருநாள் அவள் விழித்துக்கொண்டாள். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

"என்னங்க, மிஷின் நின்னுருச்சு."

"கரண்ட் போயிருச்சு, தெரேசா. இப்ப வந்துரும்."

அவள் தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் மிஷினைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நோயாளிகள் சில விஷயங்களுக்குப் பழகிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மோனிக்கா தினமும் போன் செய்தாள்.

"அப்பா, கேமரா ஏன் இன்னும் ஓடல?"

"வயர் மாத்துறோம்மா. ஜாஹிர் வரணும்."

"அவரு வரலைன்னா வேற ஆளக் கூப்பிடுங்கப்பா. அம்மா முகத்தப் பாத்து ரெண்டு வாரமாச்சு."

ஜாஹிர் வராமல் இல்லை. ஒரு சனிக்கிழமை, மிச்ச வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே வந்து நின்றான். "பக்கத்துலதான் வேல, அங்கிள். அர மணி நேரத்துல போட்டுறுவேன்" என்றான். நான் கேட்டைத் திறக்கவில்லை. தெரேசாவுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வா என்றேன். போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்து, "ஆன்ட்டி, உடம்பப் பாத்துக்குங்க" என்று உரக்கச் சொன்னான். உள்ளிருந்து பதில் வரவில்லை. மணி அப்போது மூன்றரை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, மிஷினை நிறுத்தி ஐம்பது நிமிடம் ஆயிற்று. படியிறங்கிப் பின்னறைக்குப் போனேன். முதலில் பேட்டரியை மாட்டினேன். மிஷினைப் போட்டேன். கைபேசியை அவள் தலையணைப் பக்கம் வைத்தேன். அதன்பிறகுதான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

டாக்டர் எதுவும் சந்தேகப்படவில்லை. நோய் முற்றியிருந்தது. அடக்கத்துக்கு ஜாஹிரும் வந்திருந்தான். கேமராவுக்கு வயர் இழுக்க இரண்டு தடவை கேட்டதாகவும் நான் வேண்டாமென்றதாகவும் அவன்தான் மோனிக்காவிடம் சொன்னான். குறை சொல்லும் எண்ணத்தில் இல்லை, வருத்தத்தில் சொன்னான். மோனிக்கா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் போலீசுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் நூர் ஃபாத்திஹா நிதானமானவர். நான் இசைக்காகத்தான் செய்தேன் என்பதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு நான் பாட்டுப் போடும் டேப்லெட்டை மேசைமேல் வைத்து, எந்தெந்த நாளில் என்னென்ன பாட்டு ஓடியது என்ற பட்டியலைக் காட்டினார். தெரேசா இறந்த அன்று ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய பதினோரு நாளும் ஒன்றும் இல்லை.

அந்த நாட்களிலும் நான் மாடிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டுப் போட நினைத்திருப்பேன். தெரேசாகூட ஒரு காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டாள், "இப்பல்லாம் மேல பாட்டே கேக்கலியே, ஏங்க?" நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மறந்திருப்பேன், மேடம் என்றேன். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, மறதி வருவது சகஜம்.

மிஷினை நிறுத்த மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.