மாலை சாத்திய எஞ்சின்

ஆழ்வார்குறிச்சி மகளிர் அரிசி ஆலையின் தலைவியும் இந்த அவையின் தலைவியுமான பார்வதியம்மாள் அவர்களே, ஆன்றோர்களே, வயல் சேற்றை வாய்க்காலில் கழுவிவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே, தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்று நம் ஆலையில் இரண்டாவது எரிவாயு எஞ்சின் ஓடத் தொடங்கியிருக்கிறது. எஞ்சின் என்ன தரும்? மின்சாரம் தரும். அது மட்டுமா? சாணத்தில் பிறந்த வாயுவை எரித்து மின்சாரம் தரும். எரிந்த சூட்டையும் வெளியே விடாமல் அதில் நீராவி எழுப்பி நெல்லை அவிக்கும். வெளிச்சமும் அதுவே, வெப்பமும் அதுவே, விவசாயியின் வாழ்வும் அதுவே.

வாழ்வு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. சென்ற ஆயுதபூஜைக்கு மறுநாள் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் கார்ப் பருவ நெல் முழுவதும் மழையில் நனைந்து வந்து இறங்கியது. உடனே அவிக்காவிட்டால் முளைவிட்டுவிடும். நம் முதல் எஞ்சினை இயக்கும் ஜெய்சன் பொத்தானை அழுத்தினார். இருமியது, நின்றது. மீண்டும் அழுத்தினார், மீண்டும் நின்றது.

அண்ணாச்சி தலையில் கை வைத்துவிட்டார். “சாணி வாயுவ நம்பி நெல்லக் கொண்டாந்தேனே. பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்பேன் வே?”

ஜெய்சன் வாயுவைத் தனியே பற்றவைத்துப் பார்த்தார். நீலமாக, நன்றாக எரிந்தது. பிறகு எங்கே கோளாறு?

தலைவி அம்மா எஞ்சினைச் சுற்றி வந்தார். பூஜையில் அவரே சாத்திய பட்டுத்துண்டும் செவ்வந்தி மாலையும், எஞ்சின் காற்றை இழுக்கும் வாயை அழகாக மூடியிருந்தன.

“ஏலே ஜெய்சா, மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா எது ஓடும்? அவுத்துப் போடு லே.”

சிரிக்கிறீர்கள். பின்வரிசைப் பெரியவரே, நன்றாகச் சிரியுங்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை இறங்கியது. மூச்சு ஏறியது. எஞ்சின் முழங்கியது. விளக்கு எரிந்தது, நீராவி எழுந்தது, நெல் வெந்தது. பிச்சைக்கண்ணு அண்ணாச்சி அழுதார். நானும்தான் அழுதேன்.

சாணமா சக்தி தரும் என்று கேட்டார்கள். தரும். பெண்கள் நடத்தும் ஆலை நிலைக்குமா என்று கேட்டார்கள். நிலைக்கும். சூட்டைக்கூட வீணாக்காத இந்த ஊரில், ஓர் உழவனின் உழைப்பு மட்டும் வீணாகுமா? ஆகாது. ஆகவே ஆகாது. ஆக விடவும் மாட்டோம்.

விட்டால் பேசிக்கொண்டே இருப்பேன். அங்கே பந்தியில் இலை போட்டாகிவிட்டது. முளைவிட்டுப் போக இருந்த அந்த நெல்தான் இன்று உங்கள் இலையில் சோறு. பரிமாறக் காத்திருப்பவர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வயிறார உண்ண வாருங்கள், வணக்கம்.