மேட்டில் நிறுத்தும் வண்டி

இல்ல மேஸ்திரி, பேட்டரியில கோளாறு இல்ல. பேட்டரிய போன வாரந்தான் திண்டிவனத்துல சார்ஜ் போட்டு எடுத்தாந்தன். செல்ஃப் மோட்டார்தான் போச்சி. சாவிய திருப்புனா கடக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ரெண்டு வருசமா இதே கததான். கழட்டிப் பாருங்க. இன்னா ஆனாலும் இன்னிக்கி பொழுது சாயறதுக்குள்ள சரி பண்ணிடணும். நாளைக்கி காலையில அமிர்தசாமி வேலைக்கி வரான். ஏறி உக்காந்து சாவிய திருப்புனா, ஒரே திருப்புல எடுக்கணும்.

அவன் யாரா? இந்த டிராக்டர் ஓட்டறவன். வண்டி வாங்குன நாள்லேர்ந்து எங்கிட்டதான் இருக்கறான். ஒரு மாசமா வரல.

ரெண்டு வருசம் இன்னா பண்ணீங்கன்னா கேக்கறீங்க? சிரிக்காதீங்க. அதோ கெணத்துமேடு தெரியுது பாருங்க, சாயங்காலம் ஆனா அங்கதான் கொண்டாந்து நிறுத்துவான். சக்கரத்துக்கு ஒரு கல்லு. காலையில கல்ல எடுத்தா வண்டி தானா எறங்கும். கியர போட்டு கிளட்ச்ச உட்டான்னா, பாதி மேடு தாண்டறதுக்குள்ள பொகைய கக்கிக்கினு எடுத்துக்கும். மேடு இருக்கறப்ப செல்ஃப் எதுக்குன்னு நானே பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சன். அவன் பத்து வாட்டி சொல்லிட்டான், நைனாரே, ஒரு அவசரம்னா கஷ்டம், மேஸ்திரிய வரச் சொல்லுங்கன்னு. அறுப்பு முடியட்டும்டான்னன். அறுப்பு முடிஞ்சா உழவு, உழவு முடிஞ்சா நடவு. அப்பிடியே போச்சி.

இப்ப மட்டும் ஏன் அவசரம்னா... மோரு குடிக்கிறீங்களா? அப்பாலயா? சரி, வேலைய பாருங்க.

அவன் பொண்டாட்டி பாக்கியம் போன மாசம் செத்துப்போச்சி. அவனுக்கு கஞ்சி எடுத்தாந்துச்சி, மல்லாட்ட வெதச்ச கொல்லயில, வரப்புல நல்ல பாம்பு கடிச்சிடுச்சி. செஞ்சி ஆஸ்பத்திரி ஏழு மைலு. டிராக்டர்ல போனா முக்கா மணி நேரம். அன்னிக்கின்னு பாத்து வண்டி மேட்டுல இல்ல. இந்தக் களத்துல, தோ இதே எடத்துல, மட்டமா நிக்குது. வெள்ளிக்கிழம, ஊரே சந்தைக்கி பூட்டுது. இருந்தது நானு, அவன், காவக்காரன் தாண்டவராயன், மூணே பேரு. தள்ளுனம். இம்மாம் இரும்பு மூணு ஆளுக்கு நகருமா? அவன் ஓடிப்போய் ஏறி சாவிய திருப்பறான், எறங்கித் தள்றான், திரும்பவும் ஏறி திருப்பறான். கடக், கடக். அந்த சத்தம் இன்னும் என் காத உட்டுப் போவல மேஸ்திரி. பாக்கியம் களத்தோரம் உக்காந்துக்கினு, அத உட்டுட்டு மாட்டு வண்டிய கட்டுங்க, எனக்கு கண்ணு சொருவுதுன்னுது. கட்டனம். செஞ்சிக்கி இன்னும் ஒரு மைலு இருக்கு, கோட்ட நல்லா கண்ணுக்கு தெரியுது, அந்த எடத்துல மூச்சி நின்னுப்பூட்டுது. அவன் மடியிலதான். நான் மாட்ட ஓட்டிக்கினு இருந்தன், திரும்பிப் பாக்க மனசு வரல.

ஊர்ல எல்லாரும் அவனத்தான் ஏசறாங்க. தெனம் மேட்டுல நிறுத்தறவன் அன்னிக்கி ஏன் மட்டத்துல நிறுத்துனான், சோம்பேறித்தனத்தால பொண்டாட்டிய கொன்னுட்டானேன்னு.

நீங்களும் அதேதான் கேக்கறீங்க, இல்ல?

அதுவா. பாம்பு கடிச்சதுக்கு மொத நாளு மேட்டுல ஆள்காட்டிக் குருவி முட்ட உட்டிருந்துச்சி. வெறுந்தரையில, கல்லோட கல்லா நாலு முட்ட. நாங்க ஜைனருங்க. சாப்பாட்டுல பூச்சி விழுந்துடுமேன்னு வெளக்கு வெக்கறதுக்கு முந்தியே சாப்ட்டு முடிக்கிறவங்க. சக்கரம் ஏறிடுச்சின்னா? குஞ்சி பொரிச்சி போவற வரைக்கும் களத்துல நிறுத்துடான்னு நான்தான் சொன்னன். எடுக்கறது கஷ்டம் நைனாரேன்னான். நாளைக்கி உழவு இல்லியே, நாலு உசுருடா, பாவம்னன். சரின்னுட்டான்.

அடக்கத்தன்னிக்கி கல்லறையாண்ட, பாக்கியத்தோட அண்ணன் அருளானந்தம் இவன் சட்டய புடிச்சி உலுக்கறான், வண்டிய ஏண்டா மட்டத்துல உட்டன்னு. நான் ரெண்டு மொழம் தள்ளி நிக்கறன். அமிர்தசாமி நிமிந்து என்ன ஒரு பார்வ பாத்தான். வெயிலா இருக்குதுன்னு நான் கொடய விரிச்சிக்கினன். அவன் தலய குனிஞ்சிக்கினு, ஆமா மச்சான், என் தப்புதான்னுட்டான்.

ஊட்ல கூட நான் சொல்லல. நீங்க வெளியூரு, அதான் வாயில வந்துடுச்சி. போறப்ப செஞ்சியில டீ குடிப்பீங்க, அங்க இந்தப் பேச்சு வரும். வந்தா, உங்களுக்கு எதுவும் தெரியாத மாதிரியே இருந்துடுங்க மேஸ்திரி.