ஜெனிஸ்ரா கீறின நண்டு

— கோவியாதேங்கோ டீச்சர். திங்கள் தொடக்கம் ஜெனிஸ்ராவை மன்னார் டவுனில ஒரு முன்பள்ளிக்கு விடப்போறன். சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்.

— ஏன் சுஜீவன் அண்ணா, இங்க பேசாலையில என்ன குறை?

— குறையெண்டில்லை. ஏழு மாசமா இங்க வாறாள். கொப்பியைத் திறந்தா மீன், பூ, வள்ளம். ‘அ’ எங்கையெண்டு தேடிப்பாத்தன், இல்லை. என்னட்ட நண்டு வாங்குற மஹ்மூது நானாவின்ர மகன் டவுனில நூறு வரைக்கும் எழுதுறானாம். மனிசன் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிப்போட்டுத்தான் நண்டை நிறுக்கிறார்.

— நாலரை வயசுப் பிள்ளைக்கு எழுத்து எங்கையும் ஓடிப்போகாது அண்ணா. முதல்ல விரல் பழகவேணும், கண் பாக்கப் பழகவேணும். அதுக்குத்தான் களிமண், பெயின்ற் எல்லாம்.

— பெயின்ற் எண்டா என்ர வள்ளத்துக்கே அடிக்க விடலாமே.

— பகிடி விடாதேங்கோ.

— பகிடியில்லை, கேளுங்கோ. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பிறகு கடல்தான். இண்டைக்கும் கந்தோரில படிவம் தந்தா, பக்கத்தில நிக்கிறவரின்ர முகத்தைப் பாக்கிறன். அவளுக்கு அது வரக்கூடாது. அதோட இப்ப அவளும் வரமாட்டன் எண்டு நிக்கிறாள்.

— ஜெனிஸ்ராவோ?

— புதன்கிழமை தொடக்கம். சட்டையைப் போட்டாக் கழட்டுறாள். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறாளில்லை. இப்பவும் வாசலில, மோட்டச்சைக்கிளை விட்டு இறங்கமாட்டன் எண்டு இருக்கிறாள். படம் கீறிக் கீறி அலுத்துப்போச்சுது போல.

— அலுக்காது அண்ணா. செவ்வாய்க்கிழமை கீறினதைச் சுவரில ஒட்டியிருக்கிறன், அங்க பாருங்கோ.

— நண்டோ?

— ஓம். மற்றப் பிள்ளையள் வட்டத்தைப் போட்டுக் கண்டபாட்டுக்குக் கோடு இழுத்தினம். இவள் கொடுக்கை வேற மாதிரிக் கீறியிருக்கிறாள். கடைசிக் காலைப் பாருங்கோ, துடுப்பு மாதிரித் தட்டையா. நான் எவ்வளவு நண்டு திண்டிருப்பன், ஒருநாளும் கண்டதில்லை.

— அது நீந்துற கால். நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கேல்லையே.

— அவளாப் பாத்தது. ஒரேயொரு பிழைதான். கொடுக்கோட சேத்துப் பத்துக் கால் வரவேணும், ஒண்டை விட்டுட்டாள். நான் பக்கத்தில இருந்து பென்சிலால கீறிவிட்டனான்.

— எந்தக் கால்?

— இந்தா, இடப்பக்கம் மூண்டாவது.

— டீச்சர்.

— என்னண்ணா?

— அவள் பாத்துக் கீறின நண்டு நான் குடுத்தது. மூண்டாவது கால் உடைஞ்சுபோச்சுதெண்டு மஹ்மூது நானா வாங்கேல்ல. விளையாடட்டும் எண்டு வாளிக்குள்ள விட்டுக் குடுத்தனான். ஞாயிறு பூசை முடிஞ்சு வந்ததில இருந்து வாளிக்குப் பக்கத்திலதான் குந்தியிருந்தவள்.

— அப்ப ஒன்பதுதானோ?

— ஒன்பதுதான். பிள்ளை பிழை விடேல்ல.

— என்ர கையைத் தள்ளினவள் அண்ணா. ரெண்டு தரம் ‘இல்லை டீச்சர்’ எண்டவள். நான் கெட்டிக்காரி, கெட்டிக்காரி எண்டு சொல்லிச் சொல்லியே கீறினனான். பிறகு எல்லாருக்கும் தூக்கிக் காட்டிக் கை தட்டச் சொன்னனான். அவள் மட்டும் தட்டேல்ல.

— சரி விடுங்கோ டீச்சர். சின்னப்பிள்ளை, மறந்திடுவாள்.

— மறக்கவேண்டாம். திங்கள் எங்க விடுறதெண்டு நீங்கள் யோசியுங்கோ. இப்ப அந்தப் படத்தைக் கழட்டித் தாறீங்களோ? வாசலுக்குப் போய் அவளிட்ட மன்னிப்புக் கேக்கப்போறன்.

— நில்லுங்கோ, நானும் வாறன். அண்டைக்கு வாளிக்குப் பக்கத்தில இருந்து நண்டின்ர காலை ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டிருந்தவளை, அலட்டாமல் எழும்பு எண்டு ஏசினது நான்தான்.