பின்னால் தூக்குகிறவன்

ருஹிண்டா: வேகமா வா மச்சான். சதுப்புப் பக்கம் வெள்ளைக்காரன் சிப்பாய்ங்க தொப்பி தெரியுது.

பசிராகே: வேகமா வந்தா கூடை ஆடும். உள்ள உக்காந்திருக்கிறது நம்ம சாமியாடி நியிராமானா அம்மா, சோள மூட்டை இல்ல.

ருஹிண்டா: தெரியும்... நட.

பசிராகே: என்ன மாப்ளே, இன்னிக்குக் கூடை லேசா இருக்கு?

ருஹிண்டா: அம்மா விரதம். கஞ்சிகூடத் தொடல.

பசிராகே: விரதத்துல இவ்வளவா இளைக்கும்? நீ முன்னால தூக்குற. மேடு ஏறுறப்போ கூடை பின்னால சாயும், பாரம் பூரா என் தோள்ல வந்து நிக்கும். உனக்கு ஆட்டுக்குட்டி மாதிரிதான் இருக்கும். எடை எனக்குத்தான் தெரியும்.

ருஹிண்டா: சாமி இறங்குற உடம்பைத் தராசுல நிறுத்தாத.

பசிராகே: முகத்தைத்தான் பாக்கக்கூடாது. தோளுக்குப் பாரம் தெரியக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. மேடு ஏறுறப்போ அம்மா இருமுவாங்க, இன்னிக்கு அதுவும் காணோம்.

ருஹிண்டா: மச்சான்... மேல ஊர் பூரா காத்துக்கிட்டிருக்கு. 'வெள்ளைக்காரனுக்குச் சுமை தூக்காதீங்க'ன்னு இன்னிக்கு அந்தக் குரல் சொல்லலன்னா, நாளைக்கு எல்லாரும் அவன் கூப்பிட்ட இடத்துக்கு இறங்கிப் போயிடுவாங்க. அதை மட்டும் நெனை.

பசிராகே: நெனைக்கிறேன். பேசப் போறது அவங்கதானா?

ருஹிண்டா: முதல்ல நட, மேல போய்ப் பேசலாம்.

பசிராகே: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ருஹிண்டா: அந்தப் பாறை மறைவுல இறக்கு. பைய... பைய.

பசிராகே: இறக்கியாச்சு. சொல்லு.

ருஹிண்டா: அம்மாவை முந்தாநாள் நாணல் காட்டுல சிப்பாய்ங்க பிடிச்சுட்டாங்க. கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க. வெளிய தெரிஞ்சா கிகேசி மலை பூரா பயந்து அடங்கிடும்.

பசிராகே: அப்போ உள்ள?

ருஹிண்டா: கோவப்படாத... அம்மா முகத்தை ஜனங்க யாரும் பாத்ததில்ல. மரவுரித் திரைக்குப் பின்னால இருந்து அந்தக் கீச்சுக் குரல்ல பேசுனாப் போதும்னு அவளே வந்து நின்னா. நான் வேணாம்னேன்.

பசிராகே: யாரு?

ருஹிண்டா: சிப்பாய் சுட்டா முதல்ல கூடையைத்தான் சுடுவான்னும் சொன்னேன். கேக்கல.

பசிராகே: பேரைச் சொல்லுடா.

ருஹிண்டா: என் அக்கா... கென்யாங்கி. உன் பொண்டாட்டி. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.

கூடைக்குள் குரல்: பாத்தீங்களா, நான் சொல்லல? என் தம்பி பாதி மலைகூடத் தாங்க மாட்டான்னு.

ருஹிண்டா: அக்கா... அப்போ மச்சானுக்கு முன்னாடியே தெரியுமா?

பசிராகே: ராத்திரி பூரா அவளுக்கு அந்தக் குரலைப் பழக்கிவிட்டதே நான்தான்டா. நான் கேட்டதையெல்லாம் மேல நூறு பேர் கேப்பாங்க, அதான் முதல்ல நான் கேட்டுப் பாத்தேன். இனி எவன் கேட்டாலும் வாயைத் திறக்காத. இப்போ இடம் மாறு, பின்னால நீ தூக்கு... கிளம்புனதுல இருந்தே அவ பாரம் பூரா என் தோள்லதான் இருக்கு.