ஏறும் வண்டிக்கு வழி

இருக்கிற நாற்காலிகளில் ஆடாத ஒன்றைப் பார்த்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், ஒண்டிக்கடை முக்கு வியாபாரிகளின் ஒப்பற்ற ஒளிவிளக்கு, காளியப்பன் அவர்களே! போட்டியை நடத்தி முடித்த களைப்பில் மூலையில் முகம் துடைத்துக்கொண்டிருக்கும் வீடியோ கேம்ஸ் கடை ஜேசுதாஸ் அவர்களே! தையல் மிஷினைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கடையில் பந்தயத்துக்கு இடம் தந்த டெய்லர் தெரசம்மாள் அவர்களே! செம்மநத்தத்திலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து, வந்த வண்டிகளையெல்லாம் வழியிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பெரியோர்களே! ஸ்வெட்டருக்குள் குளிரையும் முந்தானைக்குள் சிரிப்பையும் மறைத்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், சோடாக்கடைக் கம்பத்துக்குப் பின்னால், என் கண்ணில் படக்கூடாது என்று உட்கார்ந்தும் குரங்குத் தொப்பி மட்டும் தெரிந்துவிடுகிற என் அருமை நண்பர் சிங்கராயர் அவர்களே! உங்கள் அனைவரையும் முனியப்பன் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

பேச்சை எழுதிக்கொண்டு வரவில்லையா என்று தலைவர் காதோரம் கேட்டார். எழுதினால் படிக்க வேண்டுமே, ஐயா! என் கையெழுத்து கட்டைவிரல். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் இந்த மலையில் லாரி ஓட்டியவன் நான். தேர்தலுக்குத் தேர்தல் இதே முக்கில் நடந்த கூட்டங்களையெல்லாம் காப்பி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டவன். இந்த அடுக்குமொழியெல்லாம் அன்றைக்கு ஏற்றிய சரக்கு. இன்றைக்குத்தான் இறக்குகிறேன்.

என்னங்க அங்கே? "சுருக்கா எறக்குங்க"வா? சரக்கு உடையாமல் இறங்க வேண்டாமா, சாமி?

அன்பர்களே! பந்தயம் என்றால் என்ன? நம் காலத்தில் பந்தயம் என்றால் புழுதி இருக்கும், புகை இருக்கும், புண்பட்ட முழங்கால் இருக்கும். இந்தப் புதுப் பந்தயத்தில் புழுதி இல்லை, புகை இல்லை, பொத்தான் இருக்கிறது. ஜேசுதாஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்துத் தெரசம்மாள் கடையில் ஒரு கம்ப்யூட்டர். நடுச்சுவரில் ஓட்டை போட்டு ஒரு ஒயர். இங்கே ஒருவர் உட்கார்ந்து காரை ஓட்டுகிறார், அங்கே ஒருவர் உட்கார்ந்து காரை ஓட்டுகிறார். இரண்டு காரும் இரண்டு பெட்டியிலும் தெரியும். ஓட்டுகிறவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். வெளிநாட்டில் இந்த ஒயரைக் கடலுக்கு அடியிலேயே விட்டு, ஊர் பேர் தெரியாதவனோடு பந்தயம் விடுகிறார்களாம். ஜேசுதாஸ் சொல்கிறார். நமக்கு ஒரு சுவருக்கே சண்டை வந்துவிட்டது. கடல் வேறு வேண்டுமா?

அந்தச் சுவர் இருக்கிறதே, அதுதான் அன்பர்களே, எல்லாக் குறும்புக்கும் காரணம். முகம் தெரியவில்லை என்றதும் நம் மக்களுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம்! பெயர் சொல்லமாட்டேன், ஓர் ஆசிரியர். வகுப்பில் வரிசை தவறி நடந்தால் காதைத் திருகுகிறவர். அவர் வளைவு வந்தால் பிரேக்கே போடமாட்டார். முன்னால் போகிற காரின் முதுகில் போய் மோதுவார். அந்தக் கார் பள்ளத்துக்குப் போகும், இவர் கார் பதவிசாகத் திரும்பும். கேட்டால், "பிரேக் பொத்தான் கையில சிக்கலீங்க" என்கிறார். ஹோட்டல் தங்கராஜ் இருக்கிறார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவர் கால் மேஜைக்கு அடியில் ஒயரைத் தேடும். இரண்டு பெட்டியும் கருத்துப்போகும்.

"கரண்டு போச்சுங்க!"

"கரண்டு போனா லைட்டு எப்படி எரியுது, கண்ணு?"

"அது வேற கரண்டுங்க!"

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். தங்கராஜ் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் காலுக்கு அடியில்தான் இந்த மைக் ஒயர் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவர்களாவது சும்மா இருந்தார்களா? சுவரைக் குத்தினார்கள். "எப்படீ!" என்று குத்தினார்கள், "போதுமா!" என்று குத்தினார்கள். அந்தப் பக்கம் தெரசம்மாளின் நூல்கண்டுப் பெட்டி விழுந்து, நீலமும் சிவப்பும் நடுரோடுவரை உருண்டன.

இவர்களையெல்லாம் கேலி பேசத்தான் இவன் மேடை ஏறினானா என்று கேட்பீர்கள். இல்லை, தாய்மார்களே, இல்லை! இந்த ஊரிலேயே பெரிய குற்றவாளி ஒருவன் இருக்கிறான். மோதாமல், ஒயரைப் பிடுங்காமல், சுவரைக் குத்தாமல் தவறு செய்தவன். அவனுக்குத்தான் இன்று பூமாலை போட்டிருக்கிறீர்கள். அவன் கழுத்தில் அது அரிக்கிறது.

கதையைச் சொல்கிறேன்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு என்று ஜேசுதாஸ் அறிவித்தார். பெயர் கொடுத்தது மொத்தம் இரண்டு பேர். லாரிக்கார முனியப்பன், பஸ்காரர் சிங்கராயர். ஆகவே முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். அவரை அந்தப் பக்கம் தையல் கடையில் உட்கார வைத்தார்கள், என்னை இந்தப் பக்கம். மலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை இறங்க வேண்டும். யார் முதலில் இறங்குகிறாரோ அவருக்குக் கோப்பை.

பந்தயம் தொடங்கிற்று. நான் பறந்தேன். பின்னால் பார்த்தால் சிங்கராயர் கார் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது! அந்தப் பக்கம் நடந்ததைத் தெரசம்மாள் பிறகு சொன்னார். சிங்கராயர் ஜேசுதாஸைக் கூப்பிட்டாராம்.

"ஏனுங்க ஜேசுதாஸ், இதுல ஹார்ன் எந்தப் பொத்தான்?"

"ஹார்ன் கெடையாதுங்க."

"ஹார்ன் இல்லாத வண்டிய எவனாச்சும் வளைவுல எறக்குவானா?"

"இது வெளையாட்டுங்க!"

"மலைல என்ன சாமி வெளையாட்டு?"

முடிவில் என்ன செய்தார் தெரியுமா? வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பினார். வளைவுக்கு வளைவு, "பாம்... பாம்!" தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒதுங்கி நின்றார்களாம்.

நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். கர்வம் கண்ணை மறைத்தது. ஒரு பாறையில் முட்டி, கார் பம்பரமாகச் சுற்றி நின்றது. எந்தப் பக்கம் நின்றால் என்ன, ரோடு இருக்கிறதே என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பெட்டியில் சிவப்புச் சிவப்பாக ஏதோ எழுத்து மினுக்கிற்று. நான் என்ன கண்டேன்! "சபாஷ்" என்று போடுகிறான் போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தினேன். மினுக்கல் கூடிற்று. என் மகிழ்ச்சியும் கூடிற்று. "தப்பு வழி, தப்பு வழி" என்று அது தலையில் அடித்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? இறங்க வேண்டிய மலையில் நான் ஏறிக்கொண்டிருந்தேன், அன்பர்களே!

எதிரே வளைவில் ஒரு கார் இறங்கி வருகிறது. சிங்கராயர்!

இப்போது சொல்லுங்கள். நம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் உள்ள வழக்கம் என்ன? இறங்குகிற வண்டி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறுகிறவன் பாரத்தோடு வருகிறான். நின்றால் மறுபடி கிளம்ப முடியாது, பின்னால் உருளுவான். அதனால் இறங்குகிறவன் ஒதுங்குகிறான். எந்தப் போலீஸ்காரர் நின்று இதைச் சொல்லிக்கொடுத்தார்? ஒருவரும் இல்லை. ஒதுங்கிய வண்டியைத் தாண்டும்போது ஏறுகிறவன் என்ன செய்வான்? ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, இதோ, இப்படி உயர்த்திக் காட்டுவான். அவ்வளவுதான். பேச்சில்லை, வார்த்தையில்லை. அந்தக் கையில் எல்லாம் இருக்கிறது.

பந்தயமாவது, கோப்பையாவது! ஏறி வருகிற வண்டியைக் கண்டதும் சிங்கராயரின் முப்பத்தொரு வருஷக் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. தையல் கடையில் மேஜைக்கு அடியில் கால் எங்கே பிரேக்கைத் தேடிற்றோ, தெரசம்மாளின் மிதியடியை மிதித்துவிட்டாராம். ஆனாலும் சரியான பொத்தானை அழுத்தி, ஓரம் கட்டி, நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, "எறங்கி டயருக்கு ஒரு கல்லு வையி, தெரசா" என்று வேறு சொல்லியிருக்கிறார்!

நான் அவரைத் தாண்டி மேலே போனேன். அப்போதுதான் ஜேசுதாஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏனுங்க, ஊட்டுக்குத் திரும்பிப் போறீங்களா? கீழ எறங்கோணும், திருப்புங்க, திருப்புங்க!" திருப்பினேன். இறங்கினேன். சிங்கராயர் இன்னும் ஓரத்திலேயே நிற்கிறார். ஏன் நிற்கிறார்? அந்தப் பக்கம் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "பொறு தெரசா. ஒரு வண்டி ஏறுனா பின்னாலயே ரெண்டு வண்டி வரும். அதையும் உட்டுட்டுப் போலாம்."

வராத வண்டிக்கு வழிவிட்டு நின்றவரை, வழிதவறிய வண்டியில் நான் தாண்டினேன். அடிவாரம் சேர்ந்தேன். முதல் பரிசு பெற்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். அன்றைக்கு ஊரே சிங்கராயரைப் பார்த்துச் சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய், "என்ன சிங்கராயரே, பஞ்சர் ஆயிருச்சுங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நீ செயிச்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல முனியப்பா. நான் ஒதுங்கி நின்னேன். நீ தாண்டிப் போனியே, ஒரு கை காட்டுனியா?" என்று கேட்டார்.

"கை காட்ட அதுல பொத்தான் ஏதுங்க?" என்றேன்.

"கை உங்கிட்ட இருந்துச்சே" என்றார். வாசலில் இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "இனிமே உன் வண்டிக்கு நான் ஒதுங்கமாட்டேன்."

இருபத்தெட்டு வருஷமாக ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இன்றோடு எட்டு நாள். அவர் எதிர்க்கடை பெஞ்சில் எனக்கு முதுகு காட்டி உட்காருகிறார். அந்தக் கடை டீ அவருக்குப் பிடிக்காது. முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிறார், தெரியுமா? பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு என் டீயும் இறங்கவில்லை.

எட்டு நாளாக யோசித்தேன், அன்பர்களே! அந்த ஒயரில் என்ன போகிறது? கார் போகிறது, வேகம் போகிறது, மோதல் போகிறது. மரியாதை போகிறதா? மன்னிப்பு போகிறதா? "தாண்டுகிறேன் ஐயா, நன்றி" என்கிற ஒரு கை போகிறதா? போகாது! இந்த விளையாட்டைச் செய்தவன் அதை வைக்க மறந்தான். அவன் மறந்தால் என்ன, நாமும் மறக்க வேண்டுமா? பெட்டிக்குள் ஓடுவது பொம்மைக் காராக இருக்கலாம். சுவருக்கு அப்பால் ஓட்டுவது பொம்மையா? மோதினால் வலிக்காத காருக்குள்ளே, மோதினால் வலிக்கிற மனுஷர் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? சுவரைக் குத்தக் கை இருக்கிறது; அந்தப் பக்கம் போய்க் கைகுலுக்கக் கை இல்லையா? ஒயரைப் பிடுங்கக் கால் இருக்கிறது. தோற்றபின் நாலடி நடந்துபோய், "நொம்ப நல்லா ஓட்டுனீங்க" என்று சொல்லக் கால் இல்லையா?

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தக் கோப்பை எனக்கு வேண்டாம். இது ஒதுங்கி நின்றவருக்கு.

என்ன தலைவரே? "பேரு பொறிச்சாச்சுங்க"வா? பொறித்திருக்கட்டுமே! எனக்குப் படிக்கவா தெரியும்? சிங்கராயருக்குத் தெரியும். அவர் வந்து பார்த்து இதில் "சிங்கராயர்" என்று இருக்கிறது என்று சொன்னால், நான் நம்பத் தயார்!

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். சிங்கராயரே! கம்பத்துக்குப் பின்னால் இருந்தாலும் காது கேட்கும் அல்லவா? எட்டு நாள் தாமதம்தான். மலை வண்டி அப்படித்தான் வரும். இதோ, எல்லார் முன்னாலும் காட்டுகிறேன். இதோ என் கை!

...

தொப்பி அசையவில்லை. சரி. நானும் கையை இறக்கவில்லை. எனக்கு வலிக்கிறதா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். வலிக்கிறது. இருக்கட்டும்.

...

கேட்டதா? யாரும் பேசாதீர்கள். ஜேசுதாஸ், கடையில் இரைகிற அந்த கேம் செட்டை நிறுத்துங்கள். இதோ, மறுபடியும்!

"பாம்... பாம்!"

ஹார்ன், அன்பர்களே, ஹார்ன்! வளைவில் வண்டி திரும்பிவிட்டது! வழி விடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள். தங்கராஜ், காலை மடக்குங்கள்! வருகிறார், வருகிறார், வரட்டும்! நான் கோப்பையோடு இறங்கி எதிர்கொள்கிறேன். பலகைப் படி குறுகல். ஒருவர்தான் போக முடியும். அவர் ஏறுகிறார், நான் இறங்குகிறேன். வழக்கம் என்ன? எல்லாரும் சொல்லுங்கள். ஏறும் வண்டிக்கு வழி! ஒதுங்கிவிட்டேன், சிங்கராயரே. வாங்க!

பார்த்தீர்களா? தாண்டும்போது கை காட்டினார்! பார்த்தீர்களா, தாய்மார்களே!

கோப்பையை வாங்கிவிட்டார். எழுத்தைத் தடவுகிறார். என்னங்க போட்டிருக்குது, சிங்கராயரே? மைக்கில் சொல்லுங்க.

"கண்ணாடி எடுத்துட்டு வரல முனியப்பா. ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு, காலைல டீக்கடைல வந்து சொல்றேன்."

எந்த டீக்கடை என்று கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும்.

தலைவருக்கும், தையல் கடைக்கும், ஒயரை மிதிக்காமல் காத்த தங்கராஜுக்கும், இவ்வளவு நேரம் குளிரில் குந்தியிருந்து கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். பின்னால் இன்னும் யாராவது ஏறி வரலாம். நான் ஓரமாகவே நிற்கிறேன்.