காவித் துணியில் வடிகட்டிய கடல்நீர்

கண்ணாடிக் குடுவைகளின் காவலரே! கடலே இல்லாத ஊரில் கடல்நீரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவரே! நுண்ணுயிரியல் துறையின் நில்லாத நடையே, நிற்காத பேச்சே! இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியர் இசபெல்லா அவர்களே, உங்கள் உடன் பணிபுரிந்தோரின் உளமார்ந்த வணக்கம்.

முறைப்படி இந்த மடலை உங்களைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் நேருக்கு நேர் பாராட்டினால் பாதியில் எழுந்து போகிற ஆள் நீங்கள். ஆகவே அவையைப் பார்த்தே சொல்கிறோம். வேறு யாரையோ பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.

அவையோரே, ராபர்ட்சன்பேட்டையின் இந்தச் சிறு கல்லூரியில் இசபெல்லா அம்மையார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காற்று எழும்பினால் போதும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசி உள்ளே வந்துவிடும் என்று ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவார். சாத்திவிட்டு வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். அதை அப்படியே குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்.

தங்கச் சுரங்க ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலில் கலந்த பிளாஸ்டிக் துகளை ஆராய்வானேன் என்று நாங்களே அவரைக் கேலி செய்திருக்கிறோம். "நம்ம தெருவுல வீசற கவரு பாலாத்துல விழுந்தா எங்க போய் நிக்கும்? அங்க அதும்மேல இன்னா கிருமி ஏறி உக்காந்திருக்குதுன்னு யாரு பாக்கறது?" என்பார்.

கடலுக்கு அவர் கண்ட வழி வேளாங்கண்ணி. ஆண்டுதோறும் நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் காவி உடுத்தி அன்னையின் திருவிழாவுக்குப் போகுமல்லவா? மாரிகுப்பத்திலிருந்து போகிற அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆய்வக உதவியாளர் டென்னிஸும் ஒருவர். அவர் கையில் அம்மையார் கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டில்களைக் கொடுத்தனுப்புவார். பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவந்தால் அதன் துகளும் தண்ணீரில் கலந்துவிடும் என்று அத்தனை கவனம். ஊரெல்லாம் தீர்த்தம் எதிர்பார்த்திருக்கும்போது இவர் உப்புத் தண்ணீருக்காக ரயிலடியில் காத்து நிற்பார்.

அந்தத் தண்ணீரில்தான் பளிச்சென்ற ஆரஞ்சு நிற இழைகள் கிடைத்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழை மேல் வழவழப்பாக ஒரு படலம். படலம் முழுக்க பாக்டீரியா. மாதங்கள் போகப் போக இழைகள் மெலிந்தன, துண்டு துண்டாயின. பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமி கிடைத்துவிட்டது என்று கல்லூரியே துள்ளியது. மாணவர் குறைந்துவிட்டதால் இந்த ஆய்வகத்தை மூடிவிடலாம் என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி கேட்ட பெங்களூர் நன்கொடையாளர் ஒருவர் ஆய்வகத்தைத் தாமே தாங்குவதாகச் சொல்லிவிட்டார். பிரிவுபசார மேடையிலேயே அதை அறிவிப்பதென்று முதல்வர் மஞ்சுநாத் அவர்கள் ஏற்பாடு செய்தார். எங்களுக்கெல்லாம் தலை கால் புரியவில்லை.

அம்மையாருக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை சீக்கிரமாகவா பிளாஸ்டிக் கரையும்? ஒருநாள் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி இழையைத் தொட்டார். பிளாஸ்டிக் என்றால் சுருண்டு உருகியிருக்க வேண்டும். அது கருகிச் சாம்பலானது. பருத்தி.

டென்னிஸைக் கூப்பிட்டுக் கேட்டார். "கடல்ல எப்படிப்பா புடிச்ச?"

"நம்ம வூட்டுல கொழா தண்ணி புடிக்கற மாதிரிதான் டீச்சர். என் காவித் துண்ட பாட்டில் வாயில கட்டி வடிகட்டித்தான் புடிச்சேன். உங்களுக்கு மண்ணோட எப்படிக் குடுக்கறது?"

தண்ணீரைக் கண்டால் துணி கட்டாமல் பிடிக்கத் தெரியாத ஊர் நம்முடையது. கடலையும் அப்படித்தான் பிடித்திருக்கிறோம். கடல் துகளெல்லாம் துண்டிலேயே தங்கிவிட்டது. துண்டின் நூல் பாட்டிலுக்குள் இறங்கிவிட்டது. அம்மையார் டென்னிஸைத் திட்டவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான் என்று சொல்லிவிட்டு நேரே முதல்வர் அறைக்குப் போனார். அந்த நடையில் நாங்கள் யாரும் குறுக்கே நிற்கத் துணியவில்லை.

முதல்வர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியாச்சு மேடம். ஃபங்ஷன் முடியட்டும், ஆமேலே, அப்புறமா நிதானமா சொல்லிக்கலாம்."

"ஆமேலே சொன்னா அதுக்குப் பேரு வேற சார். கிருமி தின்னது டென்னிஸ் துண்ட. துணியத் தின்ன ஊர்ப்பட்ட கிருமி இருக்குது."

"லேப் போயிடும் மேடம்."

"தெரியும் சார்," என்றார் அம்மையார். அன்றே நன்கொடையாளரைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். ஆய்வகம் கம்ப்யூட்டர் அறையாகும் என்று நிர்வாகம் முடிவு செய்தது.

ஆனாலும் அவர் ஓயவில்லை. போன மாதம் டென்னிஸைத் தனியாகவே வேளாங்கண்ணிக்கு அனுப்பினார். துண்டில்லாமல், மண்ணோடும் பாசியோடும் கலங்கலான தண்ணீர் வந்து சேர்ந்தது. அதில் கிடைத்த இழையைச் சுட்ட ஊசியால் தொட்டபோது அது சுருண்டது. இம்முறை பிளாஸ்டிக்தான். அதன் மேலும் ஒரு படலம் இருந்தது. அது பிளாஸ்டிக்கைத் தின்னுமா, சும்மா சவாரி செய்கிறதா என்பது தெரியப் பல மாதமாகும். அந்தக் குடுவைகளை அம்மையார் இன்குபேட்டரில் வைத்தார்.

இன்று காலை அவர் வந்தபோது ஆய்வகம் காலியாகக் கிடந்தது. இன்குபேட்டரையும் காணோம். டென்னிஸைக் கேட்டார்; அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "தெரியல டீச்சர்" என்றார். அதுமுதல் அம்மையார் எந்த இடத்திலும் இருப்புக்கொள்ளவில்லை. மாலை போட்டபோதும் அவர் கண் வாசலில்தான் இருந்தது. இதோ, இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அம்மா, இனி உங்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். டென்னிஸ் பொய் சொன்னது நாங்கள் சொல்லிக்கொடுத்து. முதல்வர் தம் அறையில் பரிசுக் கோப்பைகள் இருந்த அலமாரியைக் காலி செய்துவிட்டார். விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இன்குபேட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தோம். ஸ்விட்சு போட்டாயிற்று, குடுவை ஒன்றுகூட உடையவில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு உங்கள் வயிற்றெரிச்சல் வேண்டாம். முதல்வர் அறையின் மாற்றுச் சாவி இந்த மடலின் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நீங்கள் எப்போது வந்தாலும் அவர் எழுந்து இடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிருமி என்ன செய்கிறது என்பதைக் கண்டு சொல்லும்வரையிலும், சொன்ன பின்னரும், நலமும் வலிமையும் குன்றாமல் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். நாங்கள் பாராட்டியது போதும், எழுந்து போய்ப் பாருங்கள். டீயை நாங்கள் அங்கேயே கொண்டுவருகிறோம், சூடாக.

இங்ஙனம்,
வருகிற செப்டம்பரில் தண்ணீரை வடிகட்டாமல் கொண்டுவரப்போகும்
டென்னிஸும், அவரோடு புறப்படும் முதல்வரும், கல்லூரிப் பணியாளர் அனைவரும்.