பேர் கூப்பிடும் களம்

பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வெளியே மூடுபனியில் தேயிலை மலையே தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்தவர் சட்டென்று சொன்னார்.

“எங்க வீட்டுக்காரரு திரியலக்கா. வேலைக்குப் போறாரு.”

“ரிட்டயர் ஆயி எவ்ளோ வருசமாச்சு! இன்னும் என்ன வேலைலா?”

“அதான் அவருக்கு மறந்துபோச்சே. கிளினிக்ல ‘வாண்டரிங்’ங்குறாங்க. கேட்ல காவலுக்கு நிக்கிற ஜாகா, சும்மா சுத்துறாருங்குறான். மவன், அலையிறாருன்னு கத்துறான். ஆனா விடிஞ்சா நேரா தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குத்தான் போறாரு. அங்க இப்ப யாரு வேலைக்குப் பேர் கூப்பிடுறா? கூப்பிடாம நகரவே மாட்டாரு. மழையிலயும் நிப்பாரு.”

“அப்புறம்?”

“கட்டுனதுலேருந்து வாயால சொல்லாத அவரு பேர, கங்காணி மாதிரி நின்னு நான்தான் கூப்பிடுறேன். ‘இருக்கேன்’ம்பாரு. ‘இன்னிக்கு வேலை இல்ல’ன்னு சொன்னா, பேசாம என்கூட வந்துருவாரு.”

“நல்லதாப் போச்சு.”

ஜன்னலோரம் இருந்தவர் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தார்.

“இன்னிக்கும் கூப்பிட்டேன். சுத்திமுத்தும் பாத்தாரு. ‘அவன் வரல’ன்னுட்டாரு.”